ஓட்ட நாயைத் தேர்ந்தெடுப்பது நிலம்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். இங்கிலாந்தில் ஓட்ட நாய் வைத்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறார். ஒருவர் சலுக்கி கலந்த நாய்தான் நாய் என்கிறார். இன்னொருவர் அதைச் சும்மா தந்தாலும் வேண்டாம், ஒரு விப்பெட் போதும் என்கிறார். இருவருமே பழைய ஆட்கள். யார் சொல்வது சரி? அப்புறம், மாலபேக்கு அப்பால் நண்பர் ஒருவரின் வயல் இருக்கிறதாம். தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டி எடுத்தால் அங்கே அது வேட்டைக்கு ஓடுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இருவரும் சரி. ஆளுக்கொரு நிலத்தில் நின்று பேசுகிறார்கள். எந்த நிலம் என்பதை மட்டும் சொல்வதில்லை. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இங்கிலாந்து நிலத்தைப் புரிந்துகொண்டால் நம் வயலுக்கான பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஓட்ட நாய் என்று இங்கே நான் சொல்வது மோப்பத்தால் அல்லாமல் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்களை. கிரேஹவுண்ட், சலுக்கி, விப்பெட், இவற்றை ஒன்றோடொன்றோ வேறு நாயோடோ கலந்த லர்ச்சர், நம் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் இந்த வகைதான். கிரேஹவுண்ட் சில எட்டுகளிலேயே முழு வேகத்தைத் தொட்டுவிடும்; மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் அந்த வேகம் அரை நிமிடம் தாங்கினால் பெரிது. இங்கிலாந்தின் வயல் முயலும் ஓட்டத்தில் கிட்டத்தட்ட அதே வேகக்காரன்தான், எடை மூன்று நான்கு கிலோ. துரத்தும் நாய் முப்பது கிலோ. வேகம் இரண்டு மடங்கானால், அதே வளைவில் திரும்பத் தேவையான பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். அந்த விசையைத் தருவது நாயின் பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடிமானம் மட்டுமே. கொழும்பின் காலி வீதியில் பஸ் திரும்ப இடம் பார்ப்பதற்குள் ஆட்டோ சந்துக்குள் நுழைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். முயல் செய்வது அதைத்தான். நாய் நெருங்கியதும் சட்டென்று திரும்பும். நாய் தன் எடையோடு நேரே பல மீட்டர் போய்விட்டுத்தான் திரும்பும். அந்த இடைவெளியில் முயல் எதை எட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலியா, ஓடையா, மேடா, அல்லது இன்னும் அரைக் கிலோமீட்டர் வெறும் வெளியா?

இங்கிலாந்தின் கிழக்கே கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் ஃபென்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு. 17 ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்ட் பிரபுவின் பணத்தில், வெர்முய்டன் என்ற டச்சுப் பொறியாளர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். கீழே இருந்த கரிய மக்கு மண் காயக் காயச் சுருங்கியது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851 இல் நட்ட இரும்புத் தூண் இன்று ஏறக்குறைய நான்கு மீட்டர் வெளியே தெரிகிறது. அந்த இடம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் சில காலம் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு தட்டையான நிலத்தை நம் தீவில் வளர்ந்த கண் நம்பாது. வேலி இல்லை, மரம் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை. குறுக்கே ஆழமான வாய்க்கால்கள் மட்டும் கோடு போட்டது போல் ஓடும்.

அந்த வெளியில் முயலுக்கு ஒளிய இடமில்லை, ஆனால் ஓட இடம் தாராளம். எனவே அங்கே உயிர் வாழ்வது நீண்ட நேரம் ஓடக்கூடிய முயல். கிரேஹவுண்டின் அரை நிமிடம் அங்கே போதாது. முதல் முந்நூறு மீட்டரில் நெருங்கும், இரண்டு திருப்பத்தில் மூச்சு வாங்கும், பிறகு நின்று பார்க்கும். சலுக்கி வேகத்தில் கொஞ்சம் குறைவு. ஆனால் பாலைவன வெளியில் பல நிமிடம் ஓடப் பழகிய வம்சம். அதனால்தான் ஃபென்ஸ்காரர்கள் கிரேஹவுண்டோடு சலுக்கியைக் கலந்தார்கள். சலுக்கி கலப்புக்காக உயிரைக் கொடுப்பவர் அந்தக் கறுப்பு மண்ணில் நின்று பேசுகிறார்.

இப்போது அங்கிருந்து மேற்கேயும் வடக்கேயும் போங்கள். வேல்ஸ், டெவன், யார்க்ஷயர் மலையடிவாரம். ஏறத்தாழ 1750 முதல் 1850 வரை பொது நிலங்களைச் சட்டம் போட்டுப் பிரித்து அடைத்தபோது, நாடு முழுக்க முள்வேலியும் கற்சுவரும் எழுந்தன. மேற்கே அதற்கும் முன்பிருந்தே சிறு வயல்கள்தான். ஒரு வயலின் குறுக்கே நூறு, நூற்றைம்பது மீட்டர் இருந்தால் அதிகம். அங்கே முக்கியமான இரை வளை தோண்டி வாழும் சிறு முயல். அது வயலில் மேயும்போது வேலியை விட்டு அதிகம் விலகாது. ஆபத்து என்றால் ஐந்தாறு வினாடியில் வளைக்குள் போய்விடும். அந்த ஐந்தாறு வினாடியில் முழு வேகம் எடுக்கிற நாய்தான் வேண்டும், அதோடு எதிரே கற்சுவர் வரும்போது நின்று திரும்பவும் தெரிய வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து கிலோ விப்பெட் அதைச் செய்யும். முப்பது கிலோ சலுக்கி கலப்பு சூடாகி வேகம் பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், அல்லது அது சுவரில் போய் முட்டும். அங்கே ஆடு மேய்க்கும் கோலி நாயைக் கலந்த லர்ச்சருக்கும் மதிப்பு அதிகம், காரணம் புத்தி. முயலின் பின்னால் ஓடாமல், முயலுக்கும் வேலிக்கும் நடுவே போய் நிற்க அது கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தபோது கிழக்கு இங்கிலாந்தில் மைல் கணக்கில் வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வயல்கள் பெருத்தன. நீண்ட ஓட்டக்காரனான நாய் அங்கே இன்னும் எடுபட்டதற்கு அதுவும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். உழவு மாறினால் நாயும் மாறும்.

மண்ணின் தன்மை பற்றி ஆட்கள் போதுமான அளவு பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி, ஏனென்றால் நாய் அடிபடுவது இங்கேதான். தெற்கே சுண்ணாம்புக் குன்றுகளில் மண் மெல்லிசு, மழை பெய்தாலும் சீக்கிரம் வடியும், ஓட நல்ல தரை. ஆனால் அதில் கிடக்கும் சக்கிமுக்கிக் கற்கள் கத்தி மாதிரி பாதத்தைக் கிழிக்கும். நடு இங்கிலாந்தின் களிமண் மழைக்காலத்தில் பாதத்தில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு எட்டிலும் நாய் மண்ணையும் சேர்த்துத் தூக்குகிறது. முயலின் பாதத்தில் அடர்ந்த மயிர் இருந்தாலும் எடை குறைவு, அதனால் அது மேலோட்டமாகப் போய்விடும். புதிதாக உழுத நிலத்திலும் இதே கதைதான். அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் ஓடினால் முன்னங்காலின் பின்புறம் மேலே இருக்கும் சிறு திண்டு உரிந்துபோகும். நாய் திரும்பும்போது அதைத்தான் தரையில் அழுத்துகிறது. உறைபனி பிடித்த நிலம் எல்லாவற்றிலும் மோசம். நகம் மண்ணில் இறங்காது, விரல் மூட்டு விலகும், சில வேளை எலும்பே முறியும். நிலம் உறைந்திருந்தால் நாயை அவிழ்க்காதே என்பது அந்த நாட்டில் அக்கறையுள்ள எவரும் மீறாத ஒழுங்கு. முள்கம்பி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வரும் நாய்க்கு அது தெரியவே தெரியாது.

மேடும் கணக்கில் வரும். முயலின் பின்னங்கால்கள் நீளம். மேட்டில் ஏறும்போது அந்த நீளம் முயலுக்கு வாய்ப்பு. விரட்டப்பட்ட முயல் முடிந்தவரை மேட்டைத்தான் தேடும். முயலைத் துரத்தவிட்டு நாய்ப்போட்டி நடத்திய பழைய ஆட்கள் தட்டையான தரையைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நாய்களின் திறமையை ஒப்பிட வேண்டுமானால் மேடு பள்ளம் குழப்பக் கூடாது அல்லவா. 1836 இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஆல்ட்கார் சமவெளியில் நடந்தது. கடைசியாக 2005 பெப்ரவரியில். அதே மாதம் 18 ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களால் வயல் முயலைத் துரத்துவதைத் தடைசெய்த 2004 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வளை முயலையும் எலியையும் துரத்த விலக்கு உண்டு, அதுவும் நிலச் சொந்தக்காரரின் அனுமதியோடு. அயர்லாந்துக் குடியரசில் அடைத்த மைதானத்தில் போட்டி இன்றும் நடக்கிறது, 1993 முதல் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயம். சட்டத்தை மீறி ஃபென்ஸ் வயல்களுக்குள் வாகனத்தை விட்டு முளைத்த கோதுமையை நாசமாக்கும் கூட்டங்களால் விவசாயிகள் பட்ட பாடு பெரிது. 2022 இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு. வயல் ஒருவரின் உழைப்பு. அதைக் கேட்காமல் மிதிப்பவனுக்கு நாய் வைத்திருக்கும் தகுதி இல்லை.

சரி, நம் பக்கம் வருவோம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பிறந்தது விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் பூமியில். கோவில்பட்டி, சாத்தூர் வழியாகப் பஸ்ஸில் போயிருந்தால் அந்த வெளியைப் பார்த்திருப்பீர்கள். பருத்தி, கம்பு, சோளம் எடுத்த பிறகு மாதக்கணக்கில் வெறும் நிலம், நல்ல பார்வை, மழை குறைவு. ஃபென்ஸும் கறுப்பு, கரிசலும் கறுப்பு. இரண்டும் நெடுந்தூரம் ஓடும் நாயைக் கேட்கும் வெளிகள். ஆனால் கரிசலுக்கு அதன் சொந்தக் குணம் உண்டு. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், மழை பெய்தால் செருப்போடு வராத மண் கிடையாது. அதனால் அங்கே ஓட்டம் என்பது மழை ஓய்ந்து, மண் இறுகி, வெடிப்பு பெரிதாகாத குறுகிய காலத்துக்கு உரியது. பிறகு சீமைக் கருவேலம் பரவியது. பார்வை மறைந்தது, முள் வந்தது, ஓட்ட நாய்க்கு இருந்த வெளி சுருங்கியது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம். இன்று அந்த நாய்கள் பெரும்பாலும் காவலுக்கும் பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும்தான்.

இலங்கையில் இந்தக் கணக்கை முதலில் எழுத்தில் பதிந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி இவர் பெயரில்தான். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி நாய்க் கூட்டம் வைத்து மரை வேட்டையாடினார். மலைக்காட்டில் கண்ணால் துரத்தும் நாய் பத்து அடிக்கு மேல் எதையும் பார்க்காது. எனவே அங்கே அவர் மோப்பத்தால் துரத்திக் குரல் கொடுக்கும் நாய்களை நம்பினார். மரை ஓடையில் நின்று எதிர்க்கும்போது பிடிக்க மட்டும் கனத்த நாய்கள். கிழக்கே தாழ்நிலப் புல்வெளிகளுக்குப் போனபோதுதான் கிரேஹவுண்ட் வகை நாய்கள் புள்ளிமான் பின்னால் முழு வேகத்தில் ஓட முடிந்தது. ஒரே ஆள், ஒரே தீவு. நிலம் மாறியதும் வேலையும் வேறு நாயிடம் போனது. அவர் கொன்று குவித்த கணக்கை இன்று படித்தால் மனம் கசக்கிறது, ஆனாலும் நிலத்தை அவர் சரியாகப் படித்திருந்தார்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் நிலம் வேறு மாதிரி. பெரும்போகம் வெட்டிய பிறகு, மாசி பங்குனியில், குளத்துக்குக் கீழே ஏக்கர் கணக்கில் காய்ந்த வயல் திறந்து கிடக்கும். நல்ல ஓட்ட நிலம் என்று தோன்றும். ஆனால் ஓரத்தில் பற்றைக்காடு, நடுவே வாய்க்கால், ஒரு பக்கம் குளக்கட்டு. நம் முயல் இங்கிலாந்து முயலைவிடச் சிறியது, வளை தோண்டாது, புல்லில் பதுங்கிக் கிடக்கும். கிளப்பினால் நேரே பற்றைக்குள்தான். நாயின் வேகம் பற்றையோடு முடிந்துவிடும். அந்தப் பக்கத்து விவசாயிக்கு உண்மையான தலையிடி பன்றி, அதுவும் பற்றையில்தான் படுக்கும். அதனால் அங்கே காலங்காலமாக நிலைத்தது நம் ஊர் நாய்: மூக்கு இருக்கிறது, குரைத்து இடம் காட்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரியும். விலை கொடுத்து வாங்கிய ஓட்ட நாயைவிட அது அந்த நிலத்துக்குப் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வடக்கில் நாய் அவிழ்ப்பது பற்றி யாராவது யோசித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஓட்ட நாய்க்குச் சிவப்புப் பலகை தெரியாது, அதன் பின்னால் ஓடும் உங்களுக்கும் அந்த நேரத்தில் தெரியாது. அதோடு பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டினால் வெடிக்கும் துப்பாக்கி), கம்பிச் சுருக்கு. வேகமாக ஓடும் நாய் கழுத்தில் சுருக்கு விழுந்தால் காப்பாற்ற நேரம் கிடையாது.

இனி மாலபே வயல். கொழும்பைச் சுற்றி ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை. வயல்கள் சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றுக்கும் வரம்பு, வரம்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அல்லது சேறு. பாதி வயல் செய்கை விட்டுப் பன்னும் கோரையும் மண்டிக் கிடக்கிறது. நாலு பாத்திக்கு அப்பால் யாரோ ஒருவரின் மதில், றப்பர் காணி, அல்லது புதிதாக மண் கொட்டிய வீட்டு வளவு. சிப்பிப்பாறைக்கு வேண்டிய முதல் விஷயம் பார்வை, இரண்டாவது நேர் ஓட்டம், மூன்றாவது காய்ந்த உறுதியான தரை. மூன்றுமே அங்கே இல்லை. முழு வேகத்தில் வரம்பில் கால் தட்டினால் தோள்பட்டையோ மணிக்கட்டோ போய்விடும். சேற்றில் திரும்பினால் தசை கிழியும்.

அதைவிடப் பெரிய தடை காற்று. நாய் நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது; நாக்கை நீட்டி மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. கொழும்புக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் மந்தம். கரிசலின் காய்ந்த வெயிலில் தாங்கும் நாய், இங்கே அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சரிந்து விழும். அரை நிமிட முழு ஓட்டமே ஓட்ட நாயின் உடல் வெப்பத்தை 41 பாகைக்கு மேல் கொண்டுபோகக்கூடும். காலை ஏழு மணிக்குப் பிறகு அதை முழு வேகத்தில் ஓடவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓடிய பிறகு நாய் தள்ளாடினால், ஈறு கடுஞ்சிவப்பாக மாறினால், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டத்தில் வைத்தபடியே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். பிறகு பார்ப்போம் என்று இருந்தால் நாய் இருக்காது.

வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். வரம்பு வளைகளில் கண்ணாடி விரியன். புல்லில் உண்ணி, அது கொண்டுவரும் உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் எத்தனையோ நல்ல நாய்களைக் கொன்றிருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும் விசர்நாய்க்கடிக்கும் தடுப்பூசி, உண்ணி மருந்து, இவை இல்லாமல் எந்த நாயையும் வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வேட்டை என்று பார்த்தாலும் அங்கே உங்களுக்கு ஒன்றும் கிடையாது. தலங்கமை, பத்தரமுல்லைச் சதுப்புகளில் எஞ்சியிருப்பது நீர்நாய், மீன்பிடிப் பூனை, நீர்ப்பறவை போன்றவை. அந்தச் சதுப்புகளுக்காகத்தான் 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமே கிடைத்தது. வனசீவராசிகளைப் பாதுகாக்கும் 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பல முறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த இடங்களில் ஒரு துரத்தும் நாயை அவிழ்ப்பது தவறு. சட்டம் தெரியாது என்பது யாருக்கும் உதவாது.

ஆனாலும் உங்களுக்கு ஆசை அந்த நாயின் ஓட்டத்தில்தான் என்று கேள்வியைப் படிக்கும்போதே தெரிகிறது. அது நல்ல ஆசை. அதற்கு உயிருள்ள முயல் தேவையில்லை. தரையோடு இழுக்கும் நீண்ட கயிறு, அதன் நுனியில் ஒரு வெள்ளைத் துணி, கையால் சுற்றும் உருளை அல்லது சின்ன மோட்டார். பல நாடுகளில் இதையே விளையாட்டாக நடத்துகிறார்கள். கண்ணால் துரத்தும் நாய்க்கு அசைவுதான் தூண்டுதல். துணியின் பின்னாலும் அதே முகத்தோடுதான் ஓடும். சுற்றுமதில் உள்ள ஒரு விளையாட்டு மைதானத்தை விடியற்காலையில் அனுமதி கேட்டு எடுங்கள். புல் தரை, முந்தைய நாள் பெருமழை பெய்திருக்கக் கூடாது, கயிற்றைத் தொண்ணூறு பாகை முனையில் மடக்காமல் அகலமான வளைவாக இழுக்க வேண்டும். ஒரு காலையில் ஓரிரு ஓட்டம், இடையில் நல்ல ஓய்வு. ஒன்றரை வயதுக்கு முன் முழு வேகமும் கூர்மையான திருப்பமும் வேண்டாம், எலும்பு முற்றட்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். மணலைப் பார்த்து ஆசை வரும், ஆனால் கரையை ஒட்டியே ரயில் பாதை. பூனையோ காகமோ கண்ணில் பட்ட ஓட்ட நாய் கூப்பிட்டால் திரும்பாது. மெரைன் டிரைவில் கழுத்திலிருந்து கழன்றுவிடாத அகலமான பட்டியோடு நடத்திக்கொண்டு போங்கள்.

குட்டியை எடுப்பது என்றால் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி, தடுப்பூசிச் சான்றுகள் எல்லாம் முதலில் முடிய வேண்டும். படகில் கொண்டுவந்து தருகிறோம் என்பவர்களை அண்டவே விடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை உங்களுக்கு ஓய்வு கிடைக்குமா, அனுமதி தரும் மைதானம் ஒன்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சிப்பிப்பாறை எடுங்கள். இல்லாவிட்டால், நண்பரின் வயல் வரம்பில் உங்களோடு நடந்து வர ஒரு ஊர் நாய்க்குட்டியை எடுத்து வளருங்கள்.